பேரிடர் படங்களைப் பார்ப்பது எப்படி? கடிகாரமும் பேனாவுமாக ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியைப் போட்டால் ஏதாவது ஒரு சேனலில், தமிழ் டப்பிங்கில், ஒரு நகரம் இடிந்து விழுந்துகொண்டிருக்கும். நாயகன் காரை விரட்டுவான், பின்னாலேயே சாலை பிளந்துகொண்டு வரும். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நானும் அப்படித்தான் வருடக்கணக்காகப் பார்த்தேன்.

2015 டிசம்பரில் சென்னையில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்த ராத்திரி யாரும் ஓடவில்லை. எல்லோரும் வாசலில் நின்று, கரண்ட் கம்பத்தில் தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். "எதிர்வீட்டுக்காரங்க கிளம்பினா நாமளும் கிளம்பலாம்" என்றார் அப்பா. எதிர்வீட்டுக்காரரும் எங்களைப் பார்த்துக்கொண்டு அதையேதான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மணி நேரம் போனது. கடைசியில் இடுப்பளவுத் தண்ணீரில், பாட்டியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். முழங்கால் அளவு இருந்தபோதே கிளம்பியிருந்தால் பாட்டி நடந்தே வந்திருப்பார்.

அந்த ஒரு மணி நேரத்தை எந்தப் படமாவது காட்டியிருக்கிறதா என்று தேடத் தொடங்கியதில்தான் பேரிடர் படங்களைப் பார்க்கும் விதமே எனக்கு மாறியது. சில படங்கள் காட்டியிருக்கின்றன, அதுவும் நன்றாகவே. ஆனால் நம் கண் வெடிக்கும் கட்டடத்தின் மேல் இருப்பதால் அது தெரியாமல் போய்விடுகிறது. பார்க்க வேண்டியதைப் பார்ப்பதற்கான வழியைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். தேவைப்படுவது ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு கடிகாரம். முடிந்தால் வீட்டில் இருக்கும் எல்லோரும்.

படி 1: சின்ன ஊரில் தொடங்குங்கள்

உலகமே அழியும் படத்தில் ஆரம்பிக்காதீர்கள். உலகம் முழுக்க அழிந்தால் போக இடம் ஏது? அதில் மிஞ்சுவது அதிர்ஷ்டமும் கிராஃபிக்ஸும்தான். ஒரே ஒரு கப்பல், ஒரே ஒரு கட்டடம், ஒரே ஒரு ஊர் என்று இருக்கும் படத்தை எடுங்கள். வாசல் எங்கே, மேடு எங்கே, எத்தனை நிமிடம் இருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் கணக்குக்கு வரும்.

என் வரிசை இது. முதலில் 'டைட்டானிக்', எப்படியும் எல்லோரும் பார்த்ததுதான். அடுத்து நார்வேப் படமான 'தி வேவ்' (2015). பிறகு 1970களின் இரண்டு பழைய படங்கள், 'தி போஸைடன் அட்வென்ச்சர்', 'தி டவரிங் இன்ஃபெர்னோ'. அப்புறம் 'செர்னோபில்' தொடரின் முதல் இரண்டு பாகங்கள், 'டாண்டேஸ் பீக்', 'கிரீன்லாந்து', கொரியாவின் 'எக்ஸிட்', மலையாளத்தின் '2018'. வாரத்துக்கு ஒன்று போதும்.

படி 2: மூன்று நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் வேறெதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். படம் ஓடும்போது மூன்று நேரங்களை எழுத வேண்டும். ஆபத்தின் முதல் அறிகுறி தெரிந்தது எப்போது? "கிளம்புங்கள்" என்று யாராவது வாய்விட்டுச் சொன்னது எப்போது? முதல் ஆள் உண்மையிலேயே காலை எடுத்து வைத்தது எப்போது?

டைட்டானிக்கை எடுத்துக்கொள்வோம். 1912 ஏப்ரல் 14 இரவு 11.40க்குக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. முதல் படகு தண்ணீரில் இறங்கியபோது 12.45. நடுவே ஒரு மணி நேரத்துக்கும் மேல். அந்தப் படகில் 65 பேர் போகலாம், போனவர்கள் 28 பேர். 2.20க்குக் கப்பல் முழுதாக மூழ்கிவிட்டது. மொத்தம் 20 படகுகள், அவற்றில் 1,178 பேருக்குத்தான் இடம், கப்பலில் சுமார் 2,200 பேர் என்பது பலருக்கும் தெரிந்த கதை. இருந்த இடத்திலேயே நானூறுக்கும் மேல் காலியாகப் போனது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. காரணத்தைப் படத்திலேயே பார்க்கலாம். வெளியே எலும்பை உறைய வைக்கும் குளிர், கும்மிருட்டு, கீழே கறுப்புக் கடல். உள்ளே விளக்கு எரிகிறது, பேண்டு வாசிக்கிறார்கள். இவ்வளவு பெரிய கப்பலை விட்டு ஆடும் படகில் யாராவது ஏறுவார்களா? அந்த நிமிடத்தில் ஏறாதவர்தான் புத்திசாலியாகத் தெரிந்திருப்பார்.

'தி வேவ்' கதை கெய்ராங்கர் என்ற ஃபியோர்டு ஊரில், அதாவது செங்குத்து மலைகளுக்கு நடுவே கடல் நீளும் இடத்தில், நடக்கிறது. மலைச்சரிவு உடைந்து தண்ணீரில் விழுந்தால் அலை ஊருக்கு வந்து சேரப் பத்து நிமிடம். கற்பனைக் கதைதான். ஆனால் 1934இல் அதே வட்டாரத்தில், தாஃப்யோர்டில், பாறை சரிந்து எழுந்த அலையில் 40 பேர் இறந்தார்கள். படத்தில் உடையப்போகும் ஆக்னெஸ் மலைச்சரிவும் நிஜம். அதை இன்றும் கருவிகள் வைத்துக் கண்காணிக்கிறார்கள். படத்தின் முதல் பாதியைக் கவனமாகப் பாருங்கள். கண்காணிப்பு நிலையத்தில் கருவிகள் தாறுமாறாகக் காட்டத் தொடங்கிவிட்டன, ஆனால் மேலதிகாரிக்குச் சைரனை அழுத்தக் கை வரவில்லை. சுற்றுலா சீசன். தப்பாக அடித்துவிட்டால் ஊர் மானம் போய்விடும். சைரன் அடித்த பிறகு பத்து நிமிடம்தான் இருக்கிறது, நாயகனின் மகனோ ஹோட்டல் அடித்தளத்தில் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஸ்கேட்போர்டு ஓட்டிக்கொண்டிருக்கிறான். அம்மா அவனைத் தேடிப் போகிறாள். அலையைவிட இந்தக் காட்சிதான் என் வயிற்றைப் பிசைந்தது. எங்கள் வீட்டிலும் ஒரு ஹெட்ஃபோன் இருக்கிறது.

'செர்னோபில்' தொடரில் இடைவெளி மணிக்கணக்கில் நீள்கிறது. அணு உலை வெடித்தது 1986 ஏப்ரல் 26 அதிகாலை 1.23 மணி. பக்கத்து நகரமான பிரிப்யாத்தை விட்டு மக்கள் கிளம்பியது மறுநாள் மதியம் 2 மணி. நடுவே 36 மணி நேரத்துக்கும் மேல், ஒரு முழுச் சனிக்கிழமையும் சேர்த்து. குழந்தைகள் அன்று பள்ளிக்கூடம் போனார்கள், தெருவில் விளையாடினார்கள். உத்தரவு வந்ததும் நடந்தது என்னவென்றால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகள் வரிசையாக நிற்க, சுமார் 49,000 பேர் சில மணி நேரத்தில் ஏறிப் போய்விட்டார்கள். ஏற்றி அனுப்பும் வேலை கச்சிதமாக நடந்தது, முடிவெடுக்கத்தான் ஒன்றரை நாள். மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லப்பட்டதால் ஆல்பங்களையும் நாய் பூனைகளையும் விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் திரும்பவே இல்லை.

படி 3: "இங்கேயே இருங்கள்" என்று சொல்பவரைத் தேடுங்கள்

நல்ல பேரிடர் படம் ஒவ்வொன்றிலும் இப்படி ஒருவர் இருப்பார். சீருடையிலோ கோட்டு சூட்டிலோ, சாந்தமான குரலில், "பதற வேண்டாம், இருந்த இடத்திலேயே இருங்கள், உதவி வரும்" என்பார். அவரை வில்லனாக நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் நல்ல மனுஷனாகத்தான் இருப்பார்.

1972இல் வந்த 'தி போஸைடன் அட்வென்ச்சர்' படத்தில், புத்தாண்டு இரவு பேரலையில் கப்பல் தலைகீழாகக் கவிழ்கிறது. கூடத்தில் உயிர் பிழைத்தவர்களிடம் கப்பல் அதிகாரி ஒருவர் உதவி வரும்வரை அங்கேயே இருக்கச் சொல்கிறார். பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். ஒரு பாதிரியார் மட்டும், கப்பல் கவிழ்ந்தால் அடிப்பாகம்தானே மேலே இருக்கும், மேலே ஏறுவோம் என்கிறார். ஒரு சின்னக் கூட்டம் கிறிஸ்துமஸ் மரத்தையே ஏணியாக்கி ஏறுகிறது. கொஞ்ச நேரத்தில் கூடத்துக்குள் தண்ணீர் பாய்கிறது. 1974இல் வந்த 'தி டவரிங் இன்ஃபெர்னோ' படத்தில் 138 மாடிக் கட்டடத்தின் 81ஆவது மாடியில் தீ. 135ஆவது மாடியில் திறப்பு விழா விருந்து. கட்டடக் கலைஞர் எச்சரித்தும் உரிமையாளர் விருந்தை நிறுத்தத் தயங்குகிறார். வந்திருப்பவர்கள் பெரிய மனிதர்கள், தீயோ ஐம்பது மாடிக்குக் கீழே.

இதெல்லாம் சினிமா என்று ஒதுக்க முடியாதபடி 2014 ஏப்ரல் 16 அன்று தென்கொரியாவில் செவோல் கப்பல் சாய்ந்தது. கப்பலில் 476 பேர், பெரும்பாலும் சுற்றுலா போன பள்ளி மாணவர்கள். அசையாமல் அறையிலேயே இருக்கும்படி ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பெரியவர்கள் சொன்னதைப் பிள்ளைகள் கேட்டார்கள். 304 பேர் இறந்தார்கள். கேப்டன் முதலிலேயே தப்பித்தவர்களில் ஒருவர்.

ஜப்பானிலும் இதே கதையின் இரண்டு முகங்கள் உண்டு. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஒகாவா தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளை மைதானத்தில் கூட்டி, எங்கே போவது என்று பேசிக்கொண்டே சுமார் ஐம்பது நிமிடத்தைக் கழித்தார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே குன்று இருந்தது. சுனாமி அலை வந்தது, 74 குழந்தைகளும் 10 ஆசிரியர்களும் இறந்துபோனார்கள். அதே நாளில் காமைஷி ஊரில், "யாருக்காகவும் நிற்காதே, அவரவர் மேட்டுக்கு ஓடு" என்று பழக்கப்பட்டிருந்த நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஓட, அவர்களைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகளும் ஓடினார்கள். அந்த ஊரின் கிட்டத்தட்ட 3,000 பள்ளிப் பிள்ளைகள் பிழைத்தார்கள். இந்தப் பழக்கத்துக்கு அங்கே 'தெந்தென்கோ' என்று பெயர். கேட்கச் சுயநலமாக இருக்கும். ஆனால் மகனும் தானாக ஓடியிருப்பான் என்று அம்மாவுக்குத் தெரிந்தால்தானே, அவள் அவனைத் தேடி வீட்டுக்குத் திரும்பமாட்டாள்?

சொல்பவர் எதை வைத்து "இருங்கள்" என்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். நேரில் பார்த்துவிட்டா? மேலே இருந்து வந்த உத்தரவா? இல்லை, பதற்றம் வந்துவிடக் கூடாதே என்ற பயமா? மூன்றாவது என்றால் படத்தில் அடுத்த கால் மணி நேரத்துக்குள் ஏதோ நடக்கும்.

படி 4: கத்தி ஓடும் கூட்டத்தை நம்பாதீர்கள்

மக்கள் பதறிவிடுவார்கள் என்ற அந்தப் பயத்தை வளர்த்ததில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. சைரன் அடித்ததும் எல்லோரும் அலறிக்கொண்டு ஒருவரை ஒருவர் மிதித்து ஓடுவார்கள் என்பது படம் எடுப்பவர்களின் பழைய வழக்கம். பேரிடர்களில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதையே வாழ்நாள் வேலையாக ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் என்ரிகோ குவாரன்டெல்லி, அப்படிப்பட்ட பதற்றம் மிக அரிது என்று பல பத்தாண்டுகள் சொல்லிவந்தார். நிஜத்தில் சொந்தக்காரர்களைத் தேடுவார்கள், பக்கத்தில் விழுந்தவரைத் தூக்குவார்கள், அதற்கெல்லாம் முன்பு "இது நிஜமாவே ஆபத்துதானா?" என்று நாலு பேரிடம் கேட்பார்கள். எங்கள் தெருவில் நாங்கள் செய்ததும் அதுதான்.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தின் மேல் மோதித் தீப்பிடித்தது. சின்ன விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள். பயணிகள் விமானத்திலோ 379 பேர். எட்டு அவசர வாசல்களில் மூன்றைத்தான் திறக்க முடிந்தது. அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள், பைகளை உள்ளேயே விட்டுவிட்டு. இதைப் படமாக எடுத்தால் நடுவில் ஒருவராவது பெட்டிக்காகச் சண்டை போடுவார், நிச்சயம்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். கூட்ட நெரிசல் சாவுகள் நடக்காதவை இல்லை, நடக்கின்றன. அவற்றுக்குக் காரணம் மனிதர்களின் பைத்தியக்காரத்தனம் என்பதைவிட, நூறு பேர் போகும் வாசலில் ஆயிரம் பேரை விட்டது என்பதே பெரும்பாலும் பொருந்தும். சாலைக்கும் அதே கணக்கு. 2005இல் கத்ரீனா புயலைப் பார்த்து மிரண்டிருந்த ஹூஸ்டன் மக்கள், அடுத்த மாதமே ரீட்டா புயல் வருகிறது என்றதும் லட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். நெடுஞ்சாலைகள் உறைந்து நின்றன. வெயிலிலும் விபத்திலும், முதியோர் இல்லத்தவரை ஏற்றிச் சென்ற ஒரு பேருந்து தீப்பிடித்ததிலும் என்று, புயலிலேயே இறந்தவர்களைவிட வழியில் இறந்தவர்கள் அதிகம். ஆகவே படத்தில் நெடுஞ்சாலை நெரிசல் காட்சி வந்தால் அலட்சியமாகத் தாண்டிப் போகாதீர்கள்.

படி 5: கதவு, படிக்கட்டு, லிஃப்ட்

படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டிய இடம் இது. 'தி டவரிங் இன்ஃபெர்னோ' படத்தில் பேச்சைக் கேட்காத சிலர் லிஃப்டில் இறங்குகிறார்கள். லிஃப்ட் நேராகத் தீ எரியும் மாடியில் போய் நின்று கதவைத் திறக்கிறது. இன்னொரு இடத்தில் அவசரப் படிக்கட்டுக் கதவு திறக்காது. கொட்டிவிட்டுப் போன சிமெண்ட் அதன் பின்னால் இறுகிக் கிடக்கிறது. கட்டட வேலை நடக்கும் எந்த அடுக்குமாடியிலும் பார்க்கக்கூடிய காட்சிதான்.

'எக்ஸிட்' (2019) இந்த விஷயத்தை நகைச்சுவையாகவே சொல்லிவிடுகிறது. தெருவில் நச்சுவாயு, அது மேலே ஏறுகிறது, எல்லோரும் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். மாடிக் கதவு பூட்டு. வேலையில்லாமல் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருந்த பாறையேறும் பையன் கட்டடத்தின் வெளிச்சுவர் வழியாக ஏறிப்போய்த் திறக்கிறான். உங்கள் அடுக்குமாடியின் மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது? செயலாளரிடம் என்றால், அவர் ஊருக்குப் போயிருந்தால்?

நாம் படம் பார்க்கும் இடத்திலேயே இது நடந்திருக்கிறது. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபஹார் தியேட்டரில் படம் ஓடிக்கொண்டிருந்தபோது கீழ்த்தளத்து மின்மாற்றியில் பிடித்த தீயின் புகை பால்கனிக்கு ஏறியது. கூடுதலாகப் போட்டிருந்த இருக்கைகள் வழியை அடைத்திருந்தன, கதவு தாழிட்டிருந்தது. 59 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதைப் படித்த பிறகு, தியேட்டரில் பாப்கார்ன் வாங்குவதற்கு முன் சிவப்பு விளக்கு எரியும் வாசலை ஒருமுறை தள்ளிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஒரு தியேட்டரில் அந்தக் கதவுக்குச் சங்கிலி போட்டிருந்தார்கள். கேட்டதற்கு, "டிக்கெட் இல்லாம உள்ள வந்துடறாங்க சார்" என்றார் அங்கே நின்றவர். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். மனைவிக்கு அன்று சரியான கோபம்.

படி 6: வர மறுப்பவரும் வர முடியாதவரும்

'டாண்டேஸ் பீக்' (1997) படத்தில் ஒரு பாட்டி, மலை மேலே இருக்கும் தன் விடுதியை விட்டு வரமாட்டேன் என்கிறார். மலை வெடிக்கத் தொடங்கியதும் பேரப்பிள்ளைகள் அவரைக் கூட்டிவரத் தாங்களே வண்டியை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுகிறார்கள். ஒருவரின் பிடிவாதம் நான்கு பேரை மலைக்கு இழுக்கிறது. திரைக்கதைக்காகச் செய்த வேலை என்று தோன்றலாம். 1980இல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை அருகே ஹாரி ட்ரூமன் என்ற விடுதிக்காரர் இருந்தார், 80 வயது கடந்தவர். அத்தனை பேர் கெஞ்சியும் கிளம்பவில்லை. பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. மே 18 வெடிப்பில் அவரும் விடுதியும் மண்ணுக்கடியில் போனார்கள்.

எங்கள் பாட்டியும் மறுத்தார். அவருக்கு வெள்ளம் பிரச்சினையாகவே இல்லை, யார் வீட்டுக்குப் போகிறோம் என்பதுதான் பிரச்சினை. மருமகள் வழிச் சொந்தக்காரர் வீட்டில் போய் எப்படித் தங்குவது? அரை மணி நேரம் அதிலேயே போனது. எங்கே போகிறோம் என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் அந்த அரை மணி நேரம் மிச்சம்.

'கிரீன்லாந்து' (2020) பெரிய வால்நட்சத்திரப் படம் என்றாலும் உள்ளே ஒரு இன்சுலின் கதை ஓடுகிறது. பாதுகாப்பான பதுங்குமிடத்துக்கு அழைத்துப்போக அரசாங்கம் தேர்ந்தெடுத்த குடும்பத்தின் பையனுக்குச் சர்க்கரை நோய். மருந்து காரிலேயே தங்கிவிட, எடுக்க அப்பா திரும்பிப் போகிறார். இதற்குள், நோயாளிகளை ஏற்ற முடியாது என்று அம்மாவையும் பிள்ளையையும் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். குடும்பம் பிரிந்துபோகிறது. இந்தக் காட்சியோடு படத்தை நிறுத்திவிட்டு, வீட்டில் யார் யார் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மீதியைப் பிறகு பார்க்கலாம்.

படி 7: அறிவியலைச் சரிபாருங்கள்

இதற்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். 'சான் ஆண்ட்ரியாஸ்' (2015) படத்தில் பூமி பள்ளத்தாக்காகப் பிளக்கிறது, சான் பிரான்சிஸ்கோ பாலத்தின் மேல் சுனாமி வருகிறது. சான் ஆண்ட்ரியாஸ் என்பது கலிஃபோர்னியாவில் நிஜமாகவே இருக்கும் பிளவுக்கோடு. அதில் நிலத்தட்டுகள் பக்கவாட்டில் உரசி நகர்கின்றன, அதுவும் பெரும்பகுதி நிலத்துக்குள்ளேயே. அதனால் அப்படி ஒரு அலையை அது எழுப்பாது. 'டாண்டேஸ் பீக்' படத்தில் எரிமலைக்குழம்பின் மேலேயே வண்டி ஓட்டுகிறார்கள், டயர் அவ்வளவு நல்லவிதமாக நடந்துகொள்ளாது. (சான் ஆண்ட்ரியாஸ் நாயகன் தீயணைப்புத் துறை ஹெலிகாப்டரை எடுத்துக்கொண்டு தன் மனைவியையும் மகளையும் தேடிப் போய்விடுகிறான். டியூட்டி என்ன ஆயிற்று என்று யாருமே கேட்பதில்லை.)

எரிமலை என்றதும், உயிர்களை உண்மையிலேயே காப்பாற்றிய ஒரு படத்தைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. 1985 நவம்பர் 13 அன்று கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்து, உருகிய பனியோடு சேர்ந்த சேற்று வெள்ளம் ஆர்மெரோ நகரத்தை மூடியது. சுமார் 23,000 பேர் இறந்தார்கள். எந்தெந்த இடத்துக்கு ஆபத்து என்று காட்டும் வரைபடம் முந்தைய மாதமே தயாராகியிருந்தது, ஆனால் காகிதத்தில் இருந்த நிறங்கள் யாரையும் நகர்த்தவில்லை. எரிமலைகளைப் பக்கத்தில் போய்ப் படம்பிடிப்பதையே வாழ்க்கையாகக் கொண்டிருந்த பிரெஞ்சுத் தம்பதி மோரிஸ், கத்தியா கிராஃப்டை இந்தச் சாவுகள் உலுக்கின. எரிமலை எப்படியெல்லாம் கொல்லும் என்று மக்களுக்குக் காட்ட மோரிஸ் ஒரு வீடியோ தயாரித்தார். நாயகன் இல்லை, கதை இல்லை. இது சாம்பல் மேகம், இது சேற்று வெள்ளம், இதன் வழியில் இருந்த ஊர் இப்படி ஆயிற்று, அவ்வளவுதான்.

1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை விழித்துக்கொண்டபோது விஞ்ஞானிகள் அந்த வீடியோவை அதிகாரிகளுக்கும் ராணுவத்தினருக்கும் ஊர் மக்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். நூற்றாண்டுக்கணக்கில் தூங்கிய மலை வெடிக்கும் என்பதை நம்பாதவர்கள் அதைப் பார்த்து நம்பினார்கள். பல்லாயிரக்கணக்கானோர் கிளம்பினார்கள், அமெரிக்க விமானத்தளமே காலியானது. ஜூன் 15இல் மலை வெடித்தது. முன்கூட்டியே வெளியேற்றியதால் குறைந்தது 5,000 உயிர்கள் தப்பின என்று மதிப்பிடுகிறார்கள். இறந்தவர்களிலும் பலரைக் கொன்றது எரிமலைக்குழம்பு இல்லை. அதே நாளில் வந்த சூறாவளி மழையில் சாம்பல் நனைந்து கனத்து, கூரைகள் தலையில் இறங்கின. கிராஃப்ட் தம்பதி இதையெல்லாம் பார்க்கவில்லை. ஜூன் 3 அன்று ஜப்பானின் உன்சென் எரிமலையைப் படம்பிடித்துக்கொண்டிருந்தபோது, தாங்கள் மக்களை எச்சரித்த அதே சாம்பல் மேகத்தில் சிக்கி இறந்துபோனார்கள்.

படி 8: யார் படத்தில் இல்லை என்று கேளுங்கள்

1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2019 மே மாதம் ஃபானி புயல் வந்தபோது அதே மாநிலம் 12 லட்சம் பேரை இரண்டு நாளுக்குள் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றியது. இறந்தவர்கள் நூறுக்கும் குறைவு. இதை வைத்து ஒரு பெரிய படம் வராததில் ஆச்சரியமில்லை. மைக் கட்டிய ஆட்டோ, புயல் பாதுகாப்பு மையம், கையில் பட்டியலோடு நிற்கும் கிராமத் தொண்டர் என்று இதில் க்ளைமாக்ஸ் எங்கே வரும்? ஒழுங்காக நடந்த வெளியேற்றத்தில் கடைசிக் காட்சியில் ஒன்றும் நடப்பதில்லை.

அதனால் சினிமா எப்போதும் ஒரே ஒருவரைத் தேடுகிறது. 1990இல் ஈராக் படை புகுந்த குவைத்தில் இருந்து சுமார் 1,70,000 இந்தியர்கள் அம்மான் வழியாக ஊர் திரும்பினார்கள், ஏர் இந்தியா விமானங்கள் வாரக்கணக்கில் பறந்தன. 'ஏர்லிஃப்ட்' (2016) அதையெல்லாம் கிட்டத்தட்ட ஒரு தொழிலதிபரின் தோளில் ஏற்றிவிட்டது. படம் விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அன்று வேலை பார்த்த அதிகாரிகளுக்கு வருத்தம் இருந்தால் தப்பில்லை. '2018' (2023) அந்த விதத்தில் நேர்மையான படம். கேரள வெள்ளத்தில் படகோடு வந்த மீனவர்களை, ஒரு நாயகனுக்குத் துணைப் பாத்திரங்களாகக் குறுக்காமல், கூட்டமாகவே காட்டுகிறது.

நம் ஊர்ச் சுனாமிக்குத் தமிழில் அப்படி ஒரு படம் இல்லை. 'தசாவதாரம்' க்ளைமாக்ஸில் வருகிறது, ஆனால் நாகப்பட்டினத்தில் அத்தனை உயிர்களைக் கொண்டுபோன அலை அங்கே கிருமியை அழித்து ஊரைக் காப்பாற்றுகிறது! 2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவில் நிலம் நடுங்கியது நம் நேரப்படி ஆறரை மணிக்கு. அலை தமிழகக் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. சொல்ல ஆளில்லை, ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் 2007இல்தான் வந்தது. அதே அலை சில நிமிடங்களிலேயே போய்ச் சேர்ந்த, சுமத்ராவுக்குப் பக்கத்திலுள்ள சிமெலுவே தீவில் சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர். 1907இல் பட்ட அடியை அவர்கள் பாட்டாகவும் கதையாகவும் வைத்திருந்தார்கள்: நிலம் நடுங்கி, கடல் உள்வாங்கினால், 'ஸ்மோங்' என்று கத்திக்கொண்டு மேட்டுக்கு ஓடு. தாலாட்டிலேயே அது வருகிறது.

படி 9: கடைசி இருபது நிமிடம்

நாயகன் கட்டிப்பிடித்ததும் எழுந்துவிடாதீர்கள். அதே 2004 சுனாமியைப் பற்றிய 'தி இம்பாசிபிள்' (2012) படத்தில் அலை சில நிமிடங்கள்தான். மீதி முழுக்க ஆஸ்பத்திரி, பெயர்ப் பட்டியல், மாறிப்போன அட்டைகள், அம்மாவைத் தேடும் பிள்ளைகள். தாய்லாந்துக் கரையில் இறந்த உள்ளூர்க்காரர்களை ஓரமாக வைத்துவிட்டு ஒரு ஐரோப்பியக் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டது என்ற குறை நியாயமானது. ஆனாலும் 'பிழைத்த பிறகு எங்கே சந்திப்பது' என்ற கேள்வியை இவ்வளவு வலியோடு கேட்ட படம் குறைவு.

படி 10: டிவியை அணைத்துவிட்டு

கடைசிப் படம் முடிந்த ராத்திரி, எல்லோரும் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். முதலில், ஒரு பை. மாத்திரை பத்து நாளுக்கு, மருத்துவச் சீட்டோடு. ஆதார், ரேஷன் கார்டு, பத்திர நகல்கள் ஒரு பிளாஸ்டிக் உறையில். டார்ச், பவர் பேங்க், கொஞ்சம் ரொக்கம், தண்ணீர், பாட்டியின் கண்ணாடி. தமிழ்நாட்டில் மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077, இலங்கையில் பேரிடர் முகாமைத்துவ நிலையத்துக்கு 117. இந்த எண்களைக் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள், போன் அணைந்திருக்கும்போதும் தெரிய வேண்டும்.

அடுத்து, இரண்டு இடங்களை முடிவு செய்யுங்கள். ஒன்று தெருமுனையில், எல்லோரும் ஒன்றுசேர. இன்னொன்று மேடான பகுதியில் ஒரு வீடு. அந்த வீட்டுக்காரர்களிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், பாட்டிக்கும் சம்மதமான வீடாக இருக்கட்டும். கிளம்புவதற்கான அளவையும் இப்போதே குறித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் வாசல் இரண்டாம் படியில் ஒரு பெயிண்ட் கோடு இருக்கிறது. தண்ணீர் அதைத் தொட்டால் யாரையும் கேட்காமல் கிளம்ப வேண்டும், எதிர்வீட்டைப் பார்க்கக் கூடாது.

பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, கடிகாரத்தை ஓடவிட்டு, எல்லோரும் தெருமுனைக்குப் போங்கள். நாங்கள் முதல் தடவை போய்ச் சேர 14 நிமிடம் ஆயிற்று. அதில் ஐந்து நிமிடம் கேட் சாவியைத் தேடியது, மூன்று நிமிடம் அம்மா அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கத் திரும்பிப் போனது. பாதி வழியில் பையனைக் காணோம் என்று தெரிந்தது. மாடியில் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டாவது தடவை ஆறு நிமிடம். சாவி இப்போது கதவுக்குப் பின்னால், அந்த எண்களுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது.